இரண்டு முறை வாசித்த வாழ்க்கைக் குறிப்பு

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஐப்பசி மாதக் கடைசியில், சேரன்மகாதேவிக்கும் வீரவநல்லூருக்கும் நடுவே கால்வாயை ஒட்டியிருக்கிற எங்கள் சின்ன ஊரில் நடந்தது இது. பிசானப் பருவ நெல் நடவு மும்முரமாக இருந்த நேரம். ஒரு வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு, நட்டுக்கொண்டிருந்த வயலிலிருந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஏறி வரப்பில் உட்கார்ந்த என் அம்மா, பிறகு எழுந்திருக்கவில்லை. கூட இருந்த பெண்கள் அவளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடியிருக்கிறார்கள். ஆட்டோ ஆஸ்பத்திரி வாசலுக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது இருக்கும். இருக்கும் என்றுதான் சொல்ல முடியும். கார் நெல் அறுப்பு நேரத்தில் பிறந்தவள் என்பதைத் தவிர அவளுக்கே வேறொன்றும் தெரியாது.

நான் அப்போது திருநெல்வேலியில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அக்கா எட்டாவதோடு நின்றுவிட்டாள். அப்பாவும் அம்மாவும் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்ததே எங்களைச் சேர்த்துவிடுவதற்காகத்தான்.

அம்மா நடவுக்கு ஆள் கூட்டிப் போகிறவள். வயல்காரர்கள் அவளுக்குத்தான் போன் போடுவார்கள். வரப்பில் நின்று ஒரு பார்வை பார்த்து இத்தனை ஆள் வேண்டும் என்று சொல்லிவிடுவாள். ஒருமுறை ஒரு வயல்காரர் எட்டுப் பேர் கேட்டதற்கு, "ஏழு போதும். எட்டாவது ஆளு கத பேசத்தான்" என்றாளாம். அந்த எட்டாவது ஆள் தன்னைத்தான் சொன்னாள் என்று எங்கள் தெருச் சித்தி ஒருத்தி வருடக்கணக்கில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். கூட நிற்கிறவள் வரிசையைக் கோணலாக்கினால் அம்மா வாயால் திட்ட மாட்டாள். கையிலிருக்கிற நாற்று முடியைத் தண்ணீரோடு முதுகில் எறிவாள்.

அப்பா தென்னை ஏறுகிறவர். நான் ஆறாவது படிக்கும்போது ஒரு மழைநாளில் மரத்திலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அதன்பிறகு கம்பு ஊன்றித்தான் நடக்கிறார். அன்றிலிருந்து வீட்டுக்குள் அவர், வெளியே அம்மா என்று ஆகிப்போனது. சோறு வடிப்பது, அக்காவுக்குத் தலை பின்னுவது, எனக்குச் சட்டை துவைப்பது எல்லாம் அப்பாதான். அதைப் பற்றி யாராவது கேலி பேசினால் அம்மா விடமாட்டாள். "எம் புருசன் வைக்க ரசத்த நீ குடிச்சிருந்தா இப்படிப் பேச மாட்ட" என்று ஒரே வரியில் அடைத்துவிடுவாள்.

நடவுக் காலத்தில் அம்மாவின் கால்விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண் வந்துவிடும். அதற்கு மருதாணிதான் மருந்து. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் அப்பா மேடைமேல் ஏற்றி வைத்த அம்மியில் மருதாணி அரைப்பார். அம்மா சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொள்வாள். அப்பாவால் தரையில் உட்கார முடியாது என்பதால் ஒரு முக்காலியைப் போட்டு, அவள் காலை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு விரல் விரலாகப் பூசுவார். இரண்டு பேரும் அப்போது அதிகம் பேசிக்கொள்ள மாட்டார்கள். மிச்சத்தை அக்கா மகள் தன் உள்ளங்கையில் வைத்துக்கொள்வாள். அவளுக்கு அப்போது நாலு வயது. ஆச்சி காலும் பேத்தி கையும் ஒரே சிவப்பாக இருக்கும். எது நன்றாகப் பிடித்திருக்கிறது என்று திங்கட்கிழமை காலையில் இரண்டு பேருக்கும் போட்டி நடக்கும். அம்மா எப்போதும் தோற்றுப்போவாள்.

எங்கள் ஊர்க் கோவிலில் ஒரு வழக்கம் உண்டு. நாங்கள் தேவாலயத்தைக் கோவில் என்றுதான் சொல்வோம். யாராவது இறந்தால், அடக்க ஆராதனையில் அவர்களுடைய வாழ்க்கைக் குறிப்பை வாசிப்பார்கள். இன்னாருக்கு மகளாகப் பிறந்தார், இன்னாரை மணந்தார், இத்தனை பிள்ளைகள், இத்தனை பேரப்பிள்ளைகள், இப்படி வாழ்ந்தார் என்று ஒரு பக்கம் இருக்கும். அதை வாசித்த பிறகுதான் பெட்டியை எடுப்பார்கள். படித்தவர்கள் இருக்கிற வீட்டில் அவர்களே எழுதிக் கொடுப்பார்கள். எங்களைப் போன்ற வீடுகளுக்கு, குருவானவருக்கு உதவியாக இருக்கிற உபதேசியார் கேட்டுக் கேட்டு எழுதிக்கொள்வார். அதனால் எங்கள் சொந்தக்காரர்களின் குறிப்பெல்லாம் பெயரை மாற்றினால் ஒன்றுபோலவே இருக்கும்.

அம்மாவுக்கு இந்தக் குறிப்புகளைக் கேட்பதில் அப்படியொரு ஆர்வம். அடக்கத்துக்குப் போய்விட்டு வந்து குளித்து முடித்ததும் எங்களுக்கு ஒப்பிப்பாள். ஒருமுறை ஒரு கிழவியின் அடக்கத்துக்குப் போய்விட்டுச் சிரிப்பை அடக்க முடியாமல் வந்தாள். "நாலு தெருவுக்குச் சண்ட இழுத்தவ. சாந்தகுணமுள்ளவர்னு வாசிக்காரு உபதேசியாரு. பெட்டிக்குள்ள கெடந்து அவளே சிரிச்சிருப்பா." பிறகு என்னைப் பார்த்து, "ஏலே, எனக்கு நீதான எழுதணும்? பாத்து எழுது" என்றாள். நான் கல்லூரியில் முதல் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். போம்மா என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டேன்.

அந்த வியாழக்கிழமை சாயங்காலம், வீட்டு முன்னால் போட்டிருந்த பந்தலில் ஒரு நாற்காலியை ஓரமாக இழுத்துப் போட்டுக்கொண்டு அதை எழுத உட்கார்ந்தேன். வந்தவர்களில் ஒன்றிரண்டு பேர், இந்த வீட்டில் எழுதுவதற்கு இவர்களுக்குள்ளேயே ஆள் இருக்கிறது என்று பெருமையாகப் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. மறுநாள் ஆபீஸிலிருந்து ஏழெட்டுப் பேர் வேனில் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அவர்களில் ஒருவருக்கும் என் வீடு எப்படிப்பட்டது என்று தெரியாது. நானாக எதுவும் சொன்னதில்லை.

பிறந்த ஊர், பெற்றோர், கல்யாணம் வரைக்கும் எழுதிவிட்டேன். அப்போது அம்மாவின் பட்டன் போன் என் சட்டைப் பையில் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தேன். நான் வாயைத் திறப்பதற்குள், "ஏட்டி, நாத்து பறிச்சுப் போட்டாச்சு, நாளைக்கு எட்டு ஆளு வந்துரணும் கேட்டியா" என்றது ஒரு கரகரத்த குரல். யாரோ வயல்காரர். சேதி தெரியாமல் கூப்பிட்டிருக்கிறார். எங்கள் பக்கம் ஏட்டி என்பதைப் பாசத்திலும் சொல்வார்கள், அதிகாரத்திலும் சொல்வார்கள். அவர் எதில் சொன்னார் என்று யோசிக்கிற நிலையில் நான் இல்லை. என் அம்மா உள்ளே வெள்ளைச் சேலையில் படுத்திருக்கிறாள், இவன் ஏட்டி என்கிறானே என்று உடம்பெல்லாம் எரிந்தது. தப்பான நம்பர் என்று சொல்லிக் கட் பண்ணிவிட்டேன்.

அந்தக் கோபத்தோடு பேனாவை எடுத்து அடுத்த வரியை எழுதினேன். "அன்னார் சிறந்த இல்லத்தரசியாக விளங்கினார். தம் கணவரின் கடின உழைப்புக்கு உறுதுணையாக நின்று, பிள்ளைகளைக் கல்வியிலும் பக்தியிலும் வளர்த்து ஆளாக்கினார்."

அப்பா மனைவியின் சம்பாத்தியத்தில் சாப்பிட்டவர் என்று அத்தனை பேர் முன்னால் வரக்கூடாது, அவர் கௌரவத்துக்காகத்தான் இப்படி எழுதுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. மீதிப் பாதி, அந்த வேனில் வரப்போகிறவர்கள்.

அக்கா ஒரு தம்ளர் காப்பியோடு வந்து, தாளை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தாள். முகம் மாறியது. தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது, "அப்பாட்ட ஒருக்கா வாசிச்சுக் காமிச்சிரு" என்றாள். நான் வாசித்துக் காட்டவில்லை.

இன்னொன்றும் செய்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன். பாளையங்கோட்டையில் வசதியான வீட்டு அடக்கங்களில் இறந்தவர்களுக்கு வெள்ளைக் காலுறை போட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை காலையில் முதல் வேலையாக ஒரு ஜோடி வாங்கிவரச் சொல்லி, அக்காவிடம் கொடுத்து அம்மாவுக்குப் போடச் சொன்னேன். முந்தின ஞாயிற்றுக்கிழமை அப்பா பூசிய மருதாணி அவள் காலில் அப்படியே இருந்தது. விரல் இடுக்கில் வெடிப்புகளும் இருந்தன. வருகிறவர்கள் முதலில் பார்ப்பது காலைத்தான் என்று எனக்குத் தோன்றியது.

பதினோரு மணிக்கு ஆராதனை. தூறல் விட்டு விட்டு விழுந்துகொண்டிருந்தது. ஆபீஸ்காரர்களை முன்வரிசையில் உட்கார வைத்தேன். அப்பாவுக்குப் பெட்டியின் பக்கத்திலேயே ஒரு நாற்காலி போட்டிருந்தோம். பாட்டு ஆரம்பிக்கும்போதுதான் அம்மாவோடு நடவுக்குப் போகிற பெண்கள் வந்தார்கள். பதினைந்து பேருக்குக் குறையாது. முழங்கால் வரைக்கும் சேறு. கழுவக்கூட நிற்காமல் வந்திருக்கிறார்கள். கோவில் தரை அழுக்காகும் என்று வெளிவாசலிலேயே நின்றுவிட்டார்கள். உள்ளே வாங்க என்று நான் போய்க் கூப்பிட்டிருக்க வேண்டும். ஆனால் அவர்கள் அங்கேயே நிற்பதைப் பார்த்து எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாகத்தான் இருந்தது.

உபதேசியார் குறிப்பை வாசித்தார். நல்ல கம்பீரமான குரல் அவருக்கு. நான் எழுதிய வாக்கியங்கள் அவர் வாயில் இன்னும் அழகாக இருந்தன. இல்லத்தரசி வந்தது. கணவரின் கடின உழைப்பு வந்தது. அப்போது பெட்டியின் பக்கத்திலிருந்து கம்பு தரையில் தட்டுகிற சத்தம் கேட்டது. அப்பா எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

"உபதேசியாரே, கொஞ்சம் நிறுத்துங்க. அதுல தப்பு இருக்கு."

கோவிலில் அடக்க ஆராதனைக்கு நடுவில் யாரும் எழுந்து பேசி நான் பார்த்ததில்லை. துக்கம் தாங்காமல் ஏதோ சொல்கிறார் என்று நினைத்து ஒரு மாமா ஓடிப்போய் அவரை உட்கார வைக்கப் பார்த்தார். அப்பா அவர் கையை விலக்கினார். அதிகம் பேசாத மனிதர் அவர்.

"என் உழைப்புனு வாசிச்சிய. எனக்கு என்ன உழைப்பு? மரத்துல இருந்து விழுந்த நாள்ல இருந்து வீட்டுலதான கெடக்கேன். இவதான் வயக்காட்டுல நின்னு எங்க எல்லாரையும் காப்பாத்துனா. இது ஊருக்கும் தெரியும், ஆண்டவருக்கும் தெரியும். இப்படி மாத்தி வாசிச்சு அனுப்புனா, அங்கன போயி அவ என்னனு சொல்லுவா?"

பிறகு என் பக்கம் திரும்பினார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"நீ எனக்காவத்தாம்ல எழுதிருப்ப. தெரியும். எனக்கு அது வேண்டாம்." கம்பை நீட்டிப் பெட்டியின் கால்பக்கம் காட்டினார். "அந்த வெள்ள உறையவும் கழத்திரு. நான் அரைச்சுப் போட்ட மருதாணி அது. அத எதுக்கு மூடணும்?"

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அக்காதான் போய், குனிந்து, காலுறைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். அம்மாவின் கால்கள் சிவக்கச் சிவக்க வெளியே வந்தன. அக்கா மகள் அதைப் பார்த்துவிட்டுத் தன் உள்ளங்கையை விரித்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "ஆச்சிக்குத்தான் நல்லாப் பிடிச்சிருக்கு" என்றாள். அதுவரைக்கும் அழாத அப்பா அப்போதுதான் அழுதார்.

குருவானவர் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். அவர் கோபப்படவில்லை. உபதேசியாரிடமிருந்து தாளை வாங்கி என் கையில் கொடுத்து, "திருத்திக் கொடுங்க தம்பி. நாங்க காத்திருக்கோம்" என்றார்.

தாளைத் திருப்பி வைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தேன். ஒரு வரிகூட வரவில்லை. பதினாறு வருடம் படித்த படிப்பில் அம்மாவின் வேலையைச் சொல்ல ஒரு வாக்கியம்கூட என்னிடம் இல்லை. கோவிலே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அப்போது வாசலிலிருந்து அந்தத் தெருச் சித்தியின் குரல் கேட்டது.

"ஏலே, எழுது. நாலு மரக்கா வெதப்பாட்டு வயல நாங்க சாயந்தரம் வரைக்கும் நடுவோம். அவ இருந்தா மத்தியானச் சோத்துக்கு முன்ன கரையேறிருவோம்."

எழுதினேன். குருவானவர் அவர்களை உள்ளே வரச் சொல்லிக் கை காட்டினார். தயங்கித் தயங்கி வந்தார்கள். சிமெண்டுத் தரையில் சேற்றுக்கால்கள் வரிசையாகப் பதிந்தன. ஒவ்வொருத்தியாகச் சொல்ல ஆரம்பித்தார்கள். பிள்ளை பெற்றுவந்த பெண்ணை மேட்டு ஓரத்தில் நிறுத்தி, அவள் பங்கையும் தானே நட்டுவிடுவாளாம். வரப்பில் யார் குழந்தை அழுதாலும் முதலில் கரையேறுகிறவள் அவள்தானாம். மகனுக்கு வேலை கிடைத்த அன்றைக்கு நடவிலிருந்து எல்லோரையும் கூட்டிக்கொண்டு போய்க் கடையில் டீயும் வடையும் வாங்கிக் கொடுத்தாளாம். இது எனக்கே தெரியாது.

"நாத்து முடிய முதுகுல எறிவா. அதையும் எழுது" என்றாள் ஒரு பெண்.

"உனக்கு எத்தன விழுந்துச்சுனும் எழுதவா?" என்று சித்தி திருப்பிக் கேட்டாள்.

கோவிலில் சிரிப்பு எழுந்தது. அடக்க ஆராதனையில் சிரிப்பு. அப்பாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த எங்கள் சூப்பிரண்டென்ட் குனிந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு ஒருநாள் ஆபீஸில் அவர் என் மேஜைக்குப் பக்கத்தில் வந்து, தன் அம்மா சூளையில் செங்கல் சுமந்தவர் என்று சொல்லிவிட்டுப் போனார்.

எழுதி முடித்த பிறகு, சித்தி என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. "நான் சொன்னது எங்கன இருக்கு?" என்றாள். நான் வரியைக் காட்டினேன். அதன்மேல் விரலை வைத்துத் தொட்டுப் பார்த்தாள். விரலில் காய்ந்தும் காயாமலும் சேறு இருந்தது. அதற்குப் பிறகுதான் மெதுவாகச் சொன்னாள். நேற்று அம்மா பாதியில் கரையேறிய அந்த வயலை, விடிந்ததும் போய் நட்டு முடித்துவிட்டுத்தான் எல்லோரும் வருகிறார்களாம். "அவ வுட்டத அப்படியே போட்டுட்டு வந்தா, அவளுக்குப் பொறுக்காதுல்லா."

உபதேசியார் முதலிலிருந்து மறுபடியும் வாசித்தார். "அன்னார் நடவு வேலை செய்தார்" என்று அவர் கம்பீரமாக வாசித்தபோது, எனக்குப் பின்னாலிருந்து ஒரு பெண், ஆமென் சொல்கிற இடம் இல்லையென்றாலும், ஆமென் என்றாள்.

கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்ததும் முதல் நாள் வந்த நம்பருக்கு நானே போன் போட்டேன். நேற்று தப்பான நம்பர் என்று சொன்னவன் நான்தான், நீங்கள் கூப்பிட்டது என் அம்மாவை, அவர் இறந்துவிட்டார் என்று சொன்னேன். அந்தக் கரகரத்த குரல், "அவ கை பட்ட வயலுய்யா எங்களுக்கு. சொல்லிருக்கக் கூடாதா, கடைசியா ஒருக்கா முகத்தப் பாத்திருப்பேனே" என்றது. அவர் எப்படி ஏட்டி என்று கூப்பிட்டார் என்பது எனக்கு அப்போது புரிந்தது.

அந்தத் தாள் இப்போது அப்பாவின் பைபிளுக்குள் இருக்கிறது. அவருக்கு இரண்டையும் படிக்கத் தெரியாது. ஊருக்குப் போகும்போதெல்லாம் எடுத்து நீட்டுவார். நான் பின்பக்கத்தை மட்டும் வாசிப்பேன். சேறு பட்ட வரி வரும்போது இடம் தெரிந்ததுபோல் தலையை ஆட்டுவார். அக்கா மகளுக்கு இப்போது ஏழு வயது. மருதாணி அரைக்கும்போது ஆச்சிக்கு என்று சொல்லி ஒரு உருண்டையைத் தனியாக எடுத்து வைக்கிறாள்.

இப்போது எங்கள் தெருவில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் குறிப்பு எழுத என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். இவர் என்ன வேலை செய்தார் என்றுதான் முதலில் கேட்கிறேன். எழுதி முடித்ததும், கோவிலுக்குக் கொடுப்பதற்கு முன்னால், அந்த வீட்டில் படிக்கத் தெரியாத ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்து முழுவதையும் வாசித்துக் காட்டுகிறேன். அவர் சரி என்று சொன்ன பிறகுதான் மடிக்கிறேன். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் பேனாவைத் திறக்கும்போது ஒரு நினைப்பு வருகிறது. இரண்டாவது வாசிப்பில்தான் என் அம்மாவை நான் சரியாக அனுப்பி வைத்தேன். முதல் வாசிப்பும் அவள் காதில் விழுந்திருக்குமோ என்பது மட்டும் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.